நம் கிளப் ஆடும் மேட்சுக்கு நாமே விசில் ஊதலாமா?

#1 வலதுகோடு

வணக்கம். உள்ளூர் சிறுவர் கால்பந்து லீக்கில் சில வருஷமாக ரெஃப்ரியாக இருக்கிறேன். என் மகன் ஒரு கிளப்பில் 12 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடுகிறான். வரும் வார இறுதியில் அதே கிளப்பின் 14 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஒரு மேட்ச். அதை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த அணியில் என் மகன் இல்லை. ஆனால் பாதிப் பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும். அவர்களுடைய பெற்றோரோடு ஒரே வண்டியில் மைதானத்துக்குப் போவதுண்டு. அடுத்த சீசனில் என் மகனை மேல் அணிக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போவதும் அந்த அணியின் கோச்தான்.

சரி, வேறு ஆளைப் போடச் சொல்லலாம் என்றால் அன்றைக்குக் கையில் இருப்பது இன்னும் ஒரே ஒரு ரெஃப்ரி. அவர் அதே பிரிவில் மூன்றாம் இடத்தில் இருக்கும் அணிக்குக் கோச். இந்த மேட்ச் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில். இரண்டாம் இடத்தில் இருப்பது எங்கள் கிளப். நாங்கள் தோற்றால் அவருடைய அணி மேலே ஏறும்.

ஒதுக்குபவரிடம் இன்னும் பேசவில்லை. "நீங்கள் ஒழுங்காகத்தான் ஊதுவீர்கள், அப்புறம் எதற்கு இதைப் பெரிய விஷயமாக்குகிறீர்கள்" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் மனசு முழுசாக ஒப்பவில்லை. இங்கே ஊதுகிறவர்கள், கோச்கள், பெற்றோர் எல்லாரும் இருக்கிறீர்கள். என்ன சொல்கிறீர்கள்?

#2 பழைய விசில்

நீங்கள் நேர்மையானவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

த்ரோ-இன் யாருக்கு, பந்து கோட்டை முழுசாகத் தாண்டியதா என்பதிலெல்லாம் ஒருவர் இன்னொருவருக்குப் பெரிதாகச் சலுகை காட்டிவிட முடியாது. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற விஷயம். ரெஃப்ரியின் மனசு வேலை செய்யும் இடங்கள் வேறு. கால்பந்து விதிப் புத்தகத்தின் 12-ஆம் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவான தடுப்பு என்றால் ஃப்ரீ கிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பொருட்படுத்தாமல் விழுந்தால் மஞ்சள் கார்டு. அளவுக்கு மீறிய பலத்தைக் காட்டினால் சிவப்பு. எழுத்தில் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். மைதானத்தில் அரை விநாடியில் உங்கள் தலைக்குள்தான் அவை பிரிகின்றன. "அவன் நல்ல பையன், வேண்டுமென்று செய்திருக்க மாட்டான்" என்ற நினைப்பு அந்த அரை விநாடிக்குள் எப்படி நுழைந்தது என்று உங்களுக்கே தெரியாது. பையனின் பெயர் தெரிந்திருப்பதே போதும் அதற்கு. அட்வாண்டேஜ் விடுவதா (ஃபவுலுக்கு நிறுத்தாமல் ஆட்டத்தைத் தொடரவிடுவதா), கையில் பட்டதைக் குற்றமாக எடுப்பதா, வீணான நேரத்துக்கு எத்தனை நிமிஷம் சேர்ப்பது, எல்லாம் இந்த வகைதான்.

இன்னொன்றையும் பாருங்கள். ஆட்டத்தின் உண்மைகள் பற்றி ரெஃப்ரி எடுக்கும் முடிவே இறுதி என்கிறது 5-ஆம் விதி. விளையாட்டு மறுபடி தொடங்கிவிட்டால், தவறு என்று தெரிந்தால்கூட அந்த ஃப்ரீ கிக்கையோ கோலையோ ரெஃப்ரி மாற்ற முடியாது. சிறுவர் மேட்சில் வீடியோவும் கிடையாது. மேட்ச் முடிந்த பிறகு எதிரணி செய்யக்கூடியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஏதாவது செய்ய வாய்ப்பு இருப்பது மேட்சுக்கு முன்னால்தான், அதுவும் விஷயம் தெரிந்தால்தான். தெரிவிக்கும் பொறுப்பு உங்களுடையது. இன்றைக்கே ஒதுக்குபவருக்குப் போன் போடுங்கள்.

#3 நடுவட்டம்

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறைக்கு வருவோம். சிறுவர் லீக்கில் ரெஃப்ரியாக வருகிறவர் யார்? ஆடுகிற பிள்ளையின் அப்பா, அம்மா, அண்ணன், பழைய ஆட்டக்காரர். எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருத்தர் வார இறுதியில் வெயிலில் வந்து நின்று, கோட்டுக்கு வெளியே இருக்கும் பெற்றோரிடம் வசவு வாங்க ஏன் வரப்போகிறார்? சம்பந்தம் உள்ளவர்களையெல்லாம் ஒதுக்கினால் பாதி மேட்சுகள் நடக்காது. மேட்ச் ரத்தானால் யாருக்கு நஷ்டம்? பிள்ளைகளுக்கு.

14 வயதுப் பையன்களின் ஆட்டம் இது. உலகக் கோப்பை இறுதிப்போட்டி மாதிரிப் பேச வேண்டாம்.

#4 இடதுகால்

நான் கோச். எதிரணி பக்கம் நின்று சொல்கிறேன்.

எனக்கு இது நடந்திருக்கிறது. ஆட்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெஃப்ரி என்னிடம் வந்து, "எதிரணியில் ஆடும் ஏழாம் நம்பர் என் மகள், உங்களுக்கு ஆட்சேபம் ஏதும் இல்லையே?" என்று கேட்டார். நல்ல மனிதர், சிரித்த முகம். நான் என்ன சொல்வது? பிள்ளைகள் வார்ம்-அப் முடித்துவிட்டார்கள், பெற்றோர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்சேபம் உண்டு என்றால் மேட்ச் இல்லை, கெட்ட பெயர் எனக்கு. ஆட்சேபம் சொன்ன பிறகும் அவரே ஊத நேர்ந்தால் இன்னும் மோசம். "பரவாயில்லை சார்" என்றேன். வேறு எந்தப் பதிலும் அங்கே சாத்தியமில்லை.

அந்த மேட்சில் அவர் எங்களுக்கு எதிராக எதுவும் செய்யவில்லை. ஆனால் முதல் பாதியில் எங்கள் பெண் ஒருத்திக்கு மஞ்சள் கார்டு காட்டியபோது, அது நியாயமான கார்டு என்று எனக்குத் தெரிந்தும், பெற்றோர் பக்கம் திரும்பி அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. அவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு முணுமுணுப்பு. பிள்ளைகள் காதில் அது விழத்தான் செய்யும். இரண்டாம் பாதியில் என் ஆட்டக்காரிகள் பந்தைவிட ரெஃப்ரியைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

நடுவட்டம் சொல்வதை நானும் ஏற்கிறேன், ஆள் இல்லாத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் கடைசி நிமிஷத்தில் எதிரணி கோச்சிடம் சம்மதம் கேட்பதை ஒரு தீர்வாக யாரும் சொல்லாதீர்கள். அது பாரத்தை எங்கள் தலையில் இறக்கி வைப்பது. மூன்று நாள் முன்னால், அதுவும் ரெஃப்ரியின் வாயால் அல்லாமல் ஒதுக்குபவர் மூலமாகக் கேட்டால், அது கேள்வி.

#5 வலதுகோடு

இடதுகால் அம்மா, இதை நான் யோசிக்கவே இல்லை. டாஸ் போடும்போது இரண்டு கோச்களிடமும் சொல்லிவிடலாம், அதோடு சரி என்றுதான் மனசில் வைத்திருந்தேன். இன்று மாலை ஒதுக்குபவரிடம் பேசுகிறேன்.

#6 ஒதுக்கீடு

பல சீசன்களாக ரெஃப்ரிகளை ஒதுக்கும் வேலை பார்க்கிறேன் (உங்கள் லீக் இல்லை, கவலை வேண்டாம்). எங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

சொந்தப் பிள்ளை, கூடப்பிறந்தவர், அல்லது தானே கோச்சாக இருக்கும் அணி ஆடுகிறது என்றால் நான் நடுவில் போட மாட்டேன். பேச்சே இல்லை. அதே கிளப்பின் வேறு வயது அணி என்றால் பார்த்துச் செய்வேன். சீசன் தொடக்கத்தில், புள்ளிப்பட்டியலில் எதுவும் தொங்கவில்லை என்றால், இரண்டு கிளப்புக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுவேன். பட்டம், நாக்-அவுட், மேல்பிரிவுக்கு ஏறுவது என்று ஏதாவது தொங்கினால் போட மாட்டேன். உங்கள் மேட்ச் இரண்டாம் வகை. அதிலும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் ஆடுகிறார்கள் என்பது எனக்குச் சிறிய விஷயம். உங்கள் மகனின் தேர்வு அந்தக் கோச் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிது. அதைச் சொல்லாமல் "மகன் அந்த அணியில் இல்லை" என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தால், அந்த வாக்கியம் உண்மைதான், ஆனால் எனக்குத் தேவையான தகவல் அதில் இல்லை.

அந்த இன்னொருவரின் கதை சுவாரஸ்யமானது. ஆடும் இரண்டு அணியோடும் அவருக்கு ஒட்டுறவு இல்லை, அதனால் சம்பந்தமே இல்லை என்று நிறைய பேர் சொல்வார்கள். அப்படி இல்லை என்பதற்கு மேல்மட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 2024 ஏப்ரலில் எவர்டனிடம் 2-0 என்று தோற்ற நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், தங்களுக்கு மூன்று பெனால்டி மறுக்கப்பட்டதாகச் சொல்லி, வீடியோ பார்த்து உதவும் வார் (VAR) நடுவர் லூட்டன் கிளப்பின் ரசிகர் என்று முன்பே எச்சரித்தோம், மாற்றவில்லை என்று சமூக ஊடகத்தில் போட்டது. அன்று ஆடிய இரண்டு அணிகளில் லூட்டன் இல்லை. ஆனால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்கும் போராட்டத்தில் ஃபாரஸ்டோடு முட்டிக்கொண்டிருந்தது லூட்டன். அந்தப் பதிவுக்காக ஃபாரஸ்டுக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விழுந்தது, அது தனிக் கதை. பிரீமியர் லீக் ரெஃப்ரிகள் எந்த கிளப்புக்கு ரசிகர் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், அந்த கிளப்பின் மேட்ச் கிடைக்காது. ஆனால் புள்ளிப்பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கும் அணியைப் பற்றி யார் யோசிப்பது என்ற கேள்வியை ஃபாரஸ்ட் கிளப்பிவிட்டது. உங்கள் மூன்றாமிடத்துக் கோச்சும் அதே நிலையில்தான் இருக்கிறார்.

என்னைக் கேட்டால் இருவரில் உங்களைவிட அவருக்குத்தான் முடிவில் நேரடி லாபம். ஆனால் வெளியே பார்ப்பவர்களுக்கு உங்கள் சம்பந்தம்தான் கண்ணில் படும்.

#7 மூன்றாம் வரிசை

ஒதுக்கீடு அவர்களே, உங்கள் ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமா? எங்கள் பக்கம் மேட்ச் ஒதுக்குபவரே ஒரு கிளப்பின் செயலாளர். தன் கிளப் மேட்சுக்குத் தனக்குப் பிடித்த ரெஃப்ரியை அனுப்புவார். அந்த ரெஃப்ரிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை, சுத்தமான ஆள். ஆனால் அடுத்த வாரம் மேட்ச் கிடைக்குமா என்பது இவர் கையில் இருக்கிறது. அதற்கு எந்தப் படிவம் நிரப்புவது?

#8 ஒதுக்கீடு

நியாயமான கேள்வி. ஒரு கிளப்பில் பொறுப்பில் இருப்பவர் மேட்ச் ஒதுக்கக் கூடாது. ஆள் இல்லையென்றால் தன் கிளப் மேட்சுகளை மட்டுமாவது வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும். 2006-இல் இத்தாலியில் வெடித்த விவகாரமே அதுதானே. ரெஃப்ரிக்கு லஞ்சம் என்பதைவிட, யாருக்கு எந்த ரெஃப்ரி என்று முடிவு செய்யும் இடத்தில் கிளப் ஆட்கள் போனில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் அங்கே பெரிய குற்றச்சாட்டு. யுவெண்டஸ் கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது.

கோச்கள் ரெஃப்ரிக்கு மதிப்பெண் போடும் முறை இருக்கும் லீக்குகளிலும் இதே சிக்கல் வரும். ஜெயித்த கோச் ஒன்பது போடுவார், தோற்றவர் மூன்று போடுவார். அதை வைத்து மேட்ச் ஒதுக்கினால் ரெஃப்ரி யாரைத் திருப்திப்படுத்தப் பழகுவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

#9 எண்கணக்கு

நடுவில் ஒரு தகவல். "நான் சார்பில்லாமல் ஊதுவேன்" என்று உண்மையாக நம்புகிறவர்களும் சாய்கிறார்கள் என்பதை ஆராய்ச்சியிலேயே பார்த்திருக்கிறார்கள். 2002-இல் வந்த ஓர் ஆய்வில் தகுதி பெற்ற 40 ரெஃப்ரிகளுக்கு ஒரே மேட்ச் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். சிலருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமில்லாமல். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராகச் சுமார் 15 சதவீதம் குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். 2005-இல் வந்த இன்னொன்று ஸ்பெயின் லீக் பற்றியது. உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் கடைசியில் சேர்க்கும் நேரம் கூடுகிறது, ஒரு கோல் முன்னால் இருந்தால் குறைகிறது.

இந்த ரெஃப்ரிகளில் யாருக்கும் அங்கே மகனோ கிளப்போ இல்லை. வெறும் சத்தம்தான்.

வலதுகோடு, நீங்களே ஊதுவதாக முடிவானால் சேர்க்கும் நேரத்தில் கவனமாக இருங்கள். அங்கேதான் ரெஃப்ரியை யாரும் கணக்குக் கேட்க முடியாது.

#10 நடுவட்டம்

சரி, மேல்மட்டத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, 1966 உலகக் கோப்பைக் காலிறுதியை மறந்துவிட்டீர்களா? ஒரே நாளில் இங்கிலாந்து–அர்ஜென்டினா மேட்சுக்கு மேற்கு ஜெர்மனி ரெஃப்ரி, மேற்கு ஜெர்மனி–உருகுவே மேட்சுக்கு இங்கிலாந்து ரெஃப்ரி. முதல் மேட்சில் அர்ஜென்டினா கேப்டன் வெளியேற்றப்பட்டார், இரண்டாவதில் உருகுவே ஆட்கள் இரண்டு பேர். இங்கிலாந்தும் ஜெர்மனியும் ஜெயித்தன. தென் அமெரிக்காவில் இன்னும் அதைப் பேசுகிறார்கள். உலகக் கோப்பையிலேயே இப்படி என்றால் உள்ளூர் லீக்கிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?

#11 பழைய விசில்

நடுவட்டம், நீங்கள் எனக்காக வாதாடுகிறீர்கள். அந்த இரண்டு ரெஃப்ரிகளும் பேசிவைத்துக்கொண்டு செய்தார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. ஆனாலும் இத்தனை வருஷம் கழித்து நீங்களே அதை உதாரணமாக எடுக்கிறீர்கள். அதைத்தான் இடதுகால் தன் மேட்சைப் பற்றிச் சொன்னார்.

இத்தாலிய ரெஃப்ரி கொலினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை நேர்மையற்றவர் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. 2005-இல் ஓப்பல் கார் கம்பெனியோடு விளம்பர ஒப்பந்தம் போட்டார். அதே ஓப்பல்தான் ஏசி மிலான் கிளப்பின் சட்டையிலும் இருந்தது. இத்தாலியச் சம்மேளனம் அவருக்கு முதல் பிரிவு மேட்ச் தர முடியாது என்றது. அவர் விலகிவிட்டார். அவர் மிலானுக்குச் சாதகமாக ஊதினார் என்று அங்கே யாரும் வாதாடவில்லை. வாதாட வேண்டிய நிலையே வரக்கூடாது என்பதுதான் சம்மேளனத்தின் கணக்கு.

அந்த இங்கிலாந்து–அர்ஜென்டினா மேட்சில் யாருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள் என்றே தெளிவாகத் தெரியாமல் போன குழப்பத்திலிருந்துதான் மஞ்சள், சிவப்பு கார்டு யோசனை வந்தது. 1970 உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது. பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

#12 ஓரமாக ஒருத்தி

யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது. என் அப்பா நான் ஆடிய மேட்சுகளுக்கு ரெஃப்ரியாக இருந்திருக்கிறார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் வீட்டில் தலைகீழ். சலுகை காட்டுகிறார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக என்னை மட்டும் கடுமையாகப் பிடிப்பார். மற்றவர்களுக்கு ஃப்ரீ கிக்கோடு போகிற தப்புக்கு எனக்கு மஞ்சள் கார்டு. என்னைக் கீழே தள்ளினால் "எழுந்திரு, ஆடு". எதிரணிப் பெண்களுக்கே அது தெரிந்து, என்னைக் கொஞ்சம் கூடுதலாகவே இடிப்பார்கள்.

எல்லாரும் அப்பாவை நேர்மையானவர் என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்கு விலை கொடுத்தவள் நான். எங்கள் அணிக்கும் அதனால் புள்ளிகள் போயிருக்கின்றன, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. சொந்த அணிக்கு எதிராகச் சாய்வதும் சாய்வுதான். வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது எதுவும் பேசிக்கொள்ள மாட்டோம்.

அப்பா மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் பெற்றோராக இருக்கும் ரெஃப்ரிகள் "நான் என் பிள்ளையை இன்னும் கடுமையாகத்தான் நடத்துவேன்" என்று பெருமையாகச் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசும்.

#13 இடதுகால்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

#14 புதுவிசில்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 16 வயது. போன வருஷம்தான் ரெஃப்ரி கோர்ஸ் முடித்தேன். என் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி. என் கிளப்பில் 10 வயதுப் பிள்ளைகளின் மேட்சுக்கு என்னையே ஊதச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் கோச்தான் எனக்கும் கோச். போன மேட்சில் அவர் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டே இருந்தார், எதிரணிப் பையன் ஒருவனைப் பார்த்தும் கத்தினார். வேறு கோச்சாக இருந்தால் போய்ப் பேசியிருப்பேன். இவரிடம் எப்படிப் பேசுவது? வாரக் கடைசியில் என்னை அணியில் எடுப்பதா, உட்காரவைப்பதா என்று முடிவு செய்பவர் அவர். "முடியாது" என்று சொன்னால் கிளப்புக்கு உதவாதவன் என்று நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது.

#15 பழைய விசில்

தம்பி, இந்த இழையிலேயே கஷ்டமான கேள்வி உன்னுடையதுதான்.

விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். கோச், மேலாளர் போன்றவர்களுக்கும் ரெஃப்ரி கார்டு காட்டலாம் என்று 2019-இல் விதியிலேயே சேர்த்துவிட்டார்கள். கத்தியது யார் என்று தெரியாவிட்டால் அங்கே இருக்கும் மூத்த கோச்சுக்குக் கார்டு. ஆகவே உன் கையில் அதிகாரம் இருக்கிறது. ஆனால் 16 வயதுப் பையன் தன் கோச்சுக்கே மஞ்சள் கார்டு காட்டிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய் நிற்பான் என்று எதிர்பார்ப்பது பெரியவர்கள் செய்யும் தப்பு. உன்னை அந்த இடத்தில் நிற்க வைத்ததே தவறு.

நீ செய்ய வேண்டியது சின்னது. கோச்சிடம் பேசாதே. ஒதுக்குபவரிடம், அல்லது உனக்குக் கோர்ஸ் எடுத்தவரிடம், "என் கிளப் மேட்ச் எனக்கு வேண்டாம், வேறு கிளப் பிள்ளைகளின் மேட்ச் எத்தனை வேண்டுமானாலும் கொடுங்கள்" என்று எழுதிக் கேள். காரணம் எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டும் என்றால் "அங்கே ஆடுகிறேன்" போதும். கோச்சைப் பற்றிப் புகார் மாதிரி எதுவும் தேவையில்லை. வேலை செய்ய மறுக்கவும் இல்லை நீ. உன் அப்பா அம்மாவிடமும் சொல்லிவை. அதற்குள் மறுபடி அந்த மேட்ச் வந்துவிட்டால், பெரிய ரெஃப்ரி ஒருவர் பக்கத்தில் நிற்கும்படி கேள். கோச்சோடு பேசும் வேலை அவருடையதாக இருக்கட்டும்.

#16 ஒதுக்கீடு

பழைய விசில் சொன்னதோடு ஒன்று. இளம் ரெஃப்ரிகளுக்குச் சம்பளத்தை உள்ளூர் கிளப் கையில் கொடுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மேட்ச் முடிந்ததும் தன் கோச்சிடமே போய்ப் பணத்துக்குக் காத்து நிற்கும் பையன் அடுத்த மேட்சில் எப்படி ஊதுவான்? லீக் நேரடியாகக் கொடுக்கட்டும்.

#17 மூன்றாம் வரிசை

ஆள் பற்றாக்குறை பற்றி நடுவட்டம் சொன்னதில் ஒன்றை விட்டுவிட்டோம். நடுவில் ஒருவர் மட்டும், கோட்டில் இரண்டு கிளப்பிலிருந்தும் ஒவ்வொரு பெற்றோர் கொடி பிடிக்கும் மேட்சுகள்தான் அதிகம். அதில் எல்லாருக்குமே சம்பந்தம் இருக்கிறதே?

#18 பழைய விசில்

இருக்கிறது. அதனால்தான் பல லீக்குகளில் கிளப் தரும் கொடிக்காரரைப் பந்து கோட்டுக்கு வெளியே போனதை மட்டும் காட்டச் சொல்வார்கள், ஆஃப்சைடை ரெஃப்ரியே பார்த்துக்கொள்வார். பெற்றோர் கண்ணில் ஆஃப்சைடு எப்போதும் எதிரணிக்குத்தான் இருக்கும். மேட்சுக்கு முன்னால் இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்தி இதைச் சொல்லிவிட வேண்டும். எல்லை மீறினால் அவரை வேலையிலிருந்து விலக்கிவிட்டு அறிக்கை எழுத 6-ஆம் விதி ரெஃப்ரிக்கு இடம் கொடுக்கிறது.

கிளப் கொடிக்காரரின் சார்பு எல்லாருக்கும் தெரிந்த சார்பு, இரண்டு பக்கமும் ஒருவர். அதனால் பெரிய சேதமில்லை. நடுவில் நிற்பவரின் சம்பந்தம் பாதிப் பேருக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் தொந்தரவு.

#19 வலதுகோடு

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒதுக்குபவரிடம் பேசினேன். மகன், அந்தக் கோச், தேர்வு எல்லாம் சொன்னேன். இன்னொரு ரெஃப்ரியும் தன் பங்குக்குத் தானே முன்வந்து சொல்லியிருக்கிறார், அது தெரியாமல்தான் அவரைப் பற்றி இங்கே எழுதினேன். பக்கத்து லீக்கிலிருந்து ஆள் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. மேட்சைத் தள்ளிவைக்கவும் மைதானம் இல்லை.

கடைசியில் லீக் இரண்டு கிளப்புக்கும் மூன்று நாள் முன்னால் எழுத்தில் தெரிவித்தது. எங்கள் இருவரின் சம்பந்தமும் அதில் இருந்தது. யார் நடுவில், யார் கோட்டில் என்று எதிரணியே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். அவர்கள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்! புள்ளிப்பட்டியலைப் பார்த்துத்தான் முடிவு செய்ததாக அவர்களின் கோச் பிறகு சொன்னார். இரண்டு நிபந்தனை. ஒவ்வொரு பாதியின் கடைசியிலும் எத்தனை நிமிஷம் சேர்க்கிறேன் என்று இரண்டு பெஞ்சுக்கும் கேட்கும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் கிளப் பெஞ்ச் பக்கத்துக் கோட்டில் அந்த இன்னொருவர் நிற்க வேண்டும், கோச் ஏதாவது கத்தினால் முதலில் பேசுவது அவராக இருக்க வேண்டும்.

மேட்ச் 2-2. இரண்டாம் பாதியில் பெனால்டி ஏரியாவுக்குள் கையில் பட்டதாக ஒரு பெரிய கூச்சல் வந்தது. கொடுக்கவில்லை. எந்த அணி கேட்டது என்று இங்கே எழுதப்போவதில்லை, எழுதினால் இன்னும் இரண்டு பக்கம் ஓடும். இரண்டு பக்கத்திலும் முணுமுணுப்பு இருந்தது, ஆனால் என் மகனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிக் கேட்கவில்லை.

அடுத்த சீசன் தேர்வு முடியும்வரை எங்கள் கிளப் மேட்ச் எதுவும் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

#20 நடுவட்டம்

மேட்ச் நடந்தது அல்லவா, நான் சொன்னதும் அதுதான். :) ஆனால் எதிரணியையே தேர்ந்தெடுக்க விட்டது நல்ல யோசனை, ஒப்புக்கொள்கிறேன். எங்கள் லீக் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

#21 ஒதுக்கீடு

சீசன் தொடக்கத்தில் ரெஃப்ரிகளிடம் நிரப்பச் சொல்லும் தாளில் இதுவரை "உங்கள் பிள்ளை ஆடும் அணி எது?" என்று மட்டும் கேட்டுவந்தோம். இந்த இழைக்குப் பிறகு மாற்றியிருக்கிறேன். நீங்கள் ஆடும் கிளப், கோச்சாக இருக்கும் கிளப், பொறுப்பில் இருக்கும் கிளப். வீட்டில் யாராவது ஆடும் கிளப், அதில் அணித் தேர்வு செய்பவர் யார். நீங்கள் வேலை பார்க்கும் இடம் எந்த அணிக்காவது ஸ்பான்சரா. காரணம் சொல்லாமல் தவிர்க்க விரும்பும் கிளப் ஏதாவது உண்டா. கடைசிக் கேள்வி புதுவிசிலுக்காக.

#22 மூன்றாம் வரிசை

அந்தத் தாளை மேட்ச் ஒதுக்குபவரும் நிரப்புவாரா?

#23 ஒதுக்கீடு

முதல் தாள் என்னுடையது. லீக் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.

#24 புதுவிசில்

பழைய விசில் சார், எழுதிக் கேட்டேன். அடுத்த வாரம் வேறு கிளப் 9 வயதுப் பிள்ளைகளின் மேட்ச் கிடைத்திருக்கிறது. கோச் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது?

#25 பழைய விசில்

"லீக்கில் அப்படிப் போட்டிருக்கிறார்கள்" என்று சொல். உண்மையும் அதுதானே. ஷூ லேஸை இரட்டை முடிச்சுப் போட்டுக்கொள். 9 வயதுப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.